தவழ்ந்த கதை

பிப்ரவரி 4

என் தங்கை மகள் கடுகுக்கு, உன் தாய்மாமன் வெற்றிக் களிப்போடு எழுதுவது.

நான் அப்போதே சொன்னேனா இல்லையா? போன மாதம் போனில் உன் குரல் கம்மியபோதே உன் அத்தையிடம், "இது சளி இல்லடி, வேற விசேஷம்"னு சொல்லிவிட்டேன். டாக்டர்கள் குழாய் வைத்துக் கண்டுபிடிப்பதை நான் ஒரு 'ஹலோ'வில் கண்டுபிடித்தேன். அப்படி நான் சொல்லவே இல்லை என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு மறதி. மற்றபடி இங்கே இருவரும் சுகம். நீ, மாப்பிள்ளை, உன் நாத்தனார், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் குட்டி ஆள் எல்லாரும் சுகமா?

பஞ்சர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தேன். இரட்டைக் குழந்தை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று குறைந்தால் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

முதல் பிள்ளை என்று பயப்படாதே. நீ யார் மகள்? உன் அம்மா உன்னைச் சுமந்தபோது ஒரு மாத்திரையைத் தொட்டதில்லை. ஒரு டாக்டர் முகத்தைப் பார்த்ததில்லை. கடைசி நாள் வரை தையல் மிஷினை மிதித்தாள். அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் உன்னைப் பெற்றெடுத்தாள். உனக்கு எட்டு மாதம் ஆனபோது நீ வாசல்வரை தவழ்ந்து போனாயே, அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். அதற்கப்புறம் வந்த காய்ச்சல்தான் பாவி. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

நீ சந்தோஷமாக இரு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பஞ்சர் உலகச் சக்கரவர்த்தி,
உன் மாமா


பிப்ரவரி 20

மாமாவுக்கும் அத்தைக்கும் கடுகு எழுதுவது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன், வாந்தியோடு.

இனிமேல் சலவைக்கூடத்து விலாசத்துக்கே எழுதுங்கள். வீட்டில் இருக்கிற ஒரே போனும் நாத்தனாரிடம் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுப்பார். நீங்கள் போனில் அடித்த ஜோக்குக்கு அவர் சிரித்த பிறகுதான் நான் சிரிக்க முடிந்தது.

தப்பாக நினைக்காதீர்கள், அவர் கெட்டவர் இல்லை. இவர் லாரியை எடுத்துக்கொண்டு போனால் மாதக்கணக்கில் வருவதில்லை. ராத்திரி என் காலைப் பிடித்து விடுவது அவர்தான். சாப்பாட்டை மட்டும் அளந்து போடுகிறார். "பிள்ளை பெருசானா நீதான் படுவே. என் பெரியவனைப் பெக்குறதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன். அந்த வலி உனக்கு வேணாம்டி" என்கிறார். சொல்லும்போது கண் கலங்குகிறது. இன்னொரு கரண்டி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்டால் குமட்டுகிறது. பிள்ளை ஊதிவிடும், வேண்டாம் என்கிறார் நாத்தனார். அம்மா நிஜமாகவே ஒன்றுகூடப் போடவில்லையா?

உங்கள் கடுகு


மார்ச் 6

கடுகுக்கு மாமாவின் ஆசிகள். நாங்கள் நலம். அத்தைக்கு மட்டும் வாய் வலி, என்னைத் திட்டித் திட்டி.

நிஜமாகவா என்றா கேட்கிறாய்? என் தங்கை விஷயத்தில் நான் பொய் சொல்வேனா? மாத்திரையைக் கொண்டுவந்த நர்ஸை, "எனக்கெதுக்கும்மா, உங்களைப் பாத்தாத்தான் சோகையா தெரியுது, நீங்களே போட்டுக்குங்க"னு திருப்பி அனுப்பினவள். அன்றைக்குத் தெருவே சிரித்தது. அவள் நடந்து வந்தால் தரை அதிரும். எதிரே வரும் சைக்கிள்காரன் இறங்கி வழிவிடுவான்.

குமட்டலுக்கு மருந்து சிரிப்புதான். என் கடிதத்தைத் தினமும் ஒருமுறை வாசி.

உன் மாமா

பின்குறிப்பு: அத்தை எழுதுவது. உங்க மாமா சொல்வதில் பாதியைக் கழித்துவிடு. மாத்திரையைப் போடு.


ஏப்ரல் 3

மாமா, அத்தை, இருவருக்கும் என் அன்பு. அத்தையின் வாய் வலி தேவலையா?

மாத்திரையை நிறுத்திவிட்டேன். குமட்டல் நின்றது. நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். அம்மா கதையை அவரிடம் சொன்னேன். "பாத்தியா, அந்தக் காலத்துப் பொம்பளைங்க உடம்பு! நீயும் அந்த ரத்தம்தானே" என்று என் முதுகில் தட்டினார். மாமா, யாரும் என்னை இதுவரை அம்மாவோடு சேர்த்துப் பேசினதில்லை. அன்றைக்கு முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலை எப்போதும் போலத்தான். ஹோட்டல் விரிப்புகள் மலையாக வந்து விழுகின்றன. இஸ்திரி மேஜையின் ஆவி முகத்திலேயே அடிக்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் மேஸ்திரி, "மகாராணி பவனி வர்றாங்க, வழி விடுங்க" என்று எல்லாரும் கேட்கக் கத்துகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். விரிப்புக்குப் போடுகிற கஞ்சிமாவு இருக்கிறதே, அதன் கட்டியைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறுகிறது. வாயில் போட்டால் என்ன சுகம்! மடித்து அடுக்குகிற அக்கா ஒருத்தி என்னோடு வேலை செய்கிறாள். "உள்ளே இருக்கிறதுக்கும் கஞ்சி போட்டு மொடமொடன்னு பெத்துக்கப் போறியா?" என்று கேட்கிறாள். பையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் கொண்டுபோகிறேன்.

உங்கள் கடுகு


ஏப்ரல் 15

கடுகுக்கு, மாமா. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

என் கால் உடைந்துவிட்டது. ஓடிவந்த லாரிக்கு முன்னால் நின்ற ஒரு கிழவரை இழுத்துக் காப்பாற்றும்போது நடந்தது. ஊரே கூடிவிட்டது. (அத்தை: குளியலறையில் சோப்பை மிதித்தார்.) இடுப்புவரை மாவுக்கட்டு. மாடிப்படியைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கஞ்சிமாவு வந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறாளாம். அடுப்பு எரியவே இல்லை.

மாத்திரை விஷயம். நேற்று என் கடைக்கு ஒரு பெரிய டாக்டர் வந்தார். வெளிநாட்டிலெல்லாம் படித்தவர், டயரே வெளிநாட்டு டயர். உன்னைப் பற்றிக் கேட்டேன். இந்தக் காலத்து மாத்திரை வேறு மாதிரியாம். போட்டால் பிள்ளை ஊதாதாம், மூளைதான் வளருமாம். அதனால் நீ திரும்ப ஆரம்பி. நாத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன் மாமா

மாவுக்கட்டியைத் தின்னாதே. காரணம் கேட்காதே. அத்தை.


மே 9

கடுகுக்கு.

உன் பதில் வரவில்லை. தபால்காரரை மூன்று தடவை சண்டைக்கு இழுத்தேன். கட்டுப்போட்ட காலோடு சண்டை போடுவது தனிக் கலை.

போன் பண்ணினேன். உன் நாத்தனார், "தூங்குறா மாமா. இப்பெல்லாம் எப்பவும் தூக்கம்தான். புள்ளத்தாச்சின்னா அப்படித்தானே" என்றார். அடுத்த நாள் மத்தியானம் பண்ணினேன். அப்போதும் தூங்குகிறாயாம். நீ தூங்குகிறவளா? சின்ன வயதில் உன்னைத் தூங்கவைக்க நான் பாடினால் பக்கத்து வீட்டு நாய் தூங்கிவிடும், நீ முழித்துக்கொண்டிருப்பாய்.

நகத்தைப் பார். சிவப்பாக இருக்கிறதா? கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார். அத்தைதான் கேட்கச் சொல்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. அதாவது, தெரியும். உன் வாயால் கேட்க ஆசை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாமா


மே 24

மாமாவுக்கும் அத்தைக்கும். கால் கூடி வருகிறதா?

எழுதாததற்கு மன்னியுங்கள். வேலை முடிந்து வந்தால் பேனாவே கனக்கிறது. படியேறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நகம் விரிப்பு மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அத்தை கேட்டதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொன்று இருக்க வேண்டிய ரத்தம் ஏழுதான் இருக்கிறதாம். நர்ஸம்மா வரிசையில் இருந்த எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "குடுத்த மாத்திரையெல்லாம் என்னம்மா பண்ணினே? பொங்கித் தின்னியா? புள்ளையைக் கொல்றதுக்குன்னே வர்றீங்களா?" வரிசையில் பின்னால் நின்ற பெண்கூடத் தன் மாத்திரை உறையைத் தூக்கிக் காட்டினாள், தான் நல்லவள் என்று. நான் வெளியே வந்து, சுவரோரம் நின்று மாவுக்கட்டி தின்றேன். மாமா, இனி அங்கே போகமாட்டேன். செத்தாலும் போகமாட்டேன்.

உங்கள் வெளிநாட்டு டாக்டர் கதையை வாசித்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் காலை உடைத்துக்கொண்ட கதையே அடுத்த வரியில் சோப்பாகிவிட்டது. உங்கள் கதை ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல மாறும். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். மாறாத கதை ஒன்றே ஒன்று. மாத்திரை தொடாதது, டீ கொதித்தது, நான் தவழ்ந்தது, அம்மா கைதட்டியது. ஒரு சொல்கூட மாறினதில்லை. அதனால் அது ஒன்றைத்தான் நம்புகிறேன்.

இந்த வீட்டில் என் பக்கம் பேச அம்மா மட்டும்தான் இருக்கிறாள். அவளுக்கு ஆனது எனக்கும் ஆகும்.

கடுகு


ஜூன் 2

என் கண்ணே,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். உன் அம்மா மாத்திரை போட்டாள். நம் வீட்டுப் பெண்களுக்குப் பயந்து, தையல் மிஷின் டிராயரில் ஒளித்து வைத்து, ஒன்றுவிடாமல் போட்டாள். நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே என்றாள், அதனால் சொல்லவில்லை. இப்போது உனக்காகச் சத்தியத்தை மீறுகிறேன். நீயும் ஒளித்து வைத்துப் போடு. மடிப்புக்கார அக்காவிடம் கொடுத்து வை. தண்ணீர் குடி. மேஸ்திரி கத்தினால் கத்தட்டும். அவன் அம்மாவும் கழிப்பறைக்குப் போனவள்தான் என்று சொல். இரண்டு முட்டை, கீரை, எது கிடைத்தாலும் தின்னு. வேறு ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். "அக்காவுக்குத் தெரியாததா மாமா" என்கிறார். லாரி சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

இந்தக் கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். இது அளப்பு இல்லை, கடுகு.

மாமா


ஜூன் 17

மாமா,

நலம்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அம்மா கதை மாறியிருக்கிறது. எனக்கு மாத்திரை கொடுப்பதற்காக அவளையும் உங்கள் கடைக் கதை ஆக்கிவிட்டீர்கள். லாரிக்காரர்களுக்குச் சொல்வதை எனக்குச் சொன்னால் சிரிப்பேன். இதற்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கதையைத் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கடுகு


ஜூலை 5

பெரியவருக்கு வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. கடுகோடு வேலை செய்கிறேன், துணி மடிக்கிறவள். உங்கள் உடம்பு தேவலை என்று கேள்விப்பட்டேன்.

நேற்று அவள் இஸ்திரி மேஜைமேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். கை சூட்டில் பட்டும் எழுந்திருக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் ஆறுக்கும் கீழே போய்விட்டதாம், உடனே படுக்கவைத்து ரத்தம் ஏற்ற வேண்டுமாம், இப்படியே பிரசவம் ஆனால் தாங்காதாம். கண் முழித்ததும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கையில் கொப்புளத்தோடு. "எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகலைக்கா, அவங்க தையல் மிஷின்லேருந்து எழுந்து போய்ப் பெத்தாங்க" என்றாள்.

அவள் நாத்தனார் இப்போது பயந்துபோய் அழுகிறார். "வா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். "நீங்கதானே அண்ணி மாத்திரை வேணாம்னீங்க" என்கிறாள் இவள். இவளுடைய வீட்டுக்காரர் நாலு நாளில் வருகிறாராம்.

யார் பேச்சும் ஏறவில்லை. உங்கள் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கடைசியாக வந்ததை மட்டும் கிழித்துவிட்டாள். அவளுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். சீக்கிரம்.

மடிக்கிறவள்


ஜூலை 8

கடுகு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் அத்தை கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முயன்றேன், இரண்டு தடவை எண்ணை அழுத்தி இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். வாய் இருப்பதே பேசத்தான் என்று நினைத்த ஆள் நான்.

அத்தை உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். நீ வாசித்து முடிக்கும்வரை பேசமாட்டாள். முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பு. வரிசையில் உனக்கு முன்னால் அவள் நிற்பாள். நர்ஸம்மா கத்தினால் திருப்பிக் கத்துவாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை, என் காதே சாட்சி. மேஸ்திரியையும் அவள் பார்த்துக்கொள்வாள். நாத்தனாரைக் குறை சொல்லாதே. தான் பட்ட வலி உனக்கு வரக்கூடாது என்றுதான் அந்தப் பெண் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைவிட மோசம். எனக்கு ஒரு வலியும் இல்லாமல், வாய் ருசிக்காகச் சொன்னேன்.

பழைய கதையைத் திருப்பிக் கேட்டாய். தருகிறேன்.

உன் அம்மா ஒரு மாத்திரையைக்கூடத் தொடவில்லை. அது நிஜம். நர்ஸை அவள் திருப்பி அனுப்பவில்லை, அந்த ஜோக் என்னுடையது. நர்ஸ் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். நம் வீட்டில் அன்றைக்கு இருந்த பெண்கள் பிள்ளை ஊதிவிடும் என்றார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேச அவளுக்கு வராது. தையல் மிஷின் டிராயரில் மாத்திரை இருந்ததும் நிஜம். பிறகு நான்தான் திறந்து பார்த்தேன். அத்தனையும் பிரிக்காமல் இருந்தன. பக்கத்தில் ஒரு டப்பாவில் எழுதுகிற சாக்பீஸ், கடித்துக் கடித்துப் பாதியானவை. நீ மாவுக்கட்டி தின்கிறாய் என்று வாசித்தபோது அத்தை எழுந்து போனது அதனால்தான். டப்பாவை அவளும் பார்த்திருக்கிறாள். உடம்பில் ரத்தம் குறைந்தால்தான் இப்படிக் கண்டதையும் தின்னத் தோன்றுமாம்.

அவள் நடந்தால் தரை அதிரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வெளுத்து அழகா இருக்கே"னு நானே கேலி பண்ணியிருக்கிறேன்.

நீ சீக்கிரம் பிறந்தாய், நிஜம். அடுப்பில் டீ இருந்தது, நிஜம். அதை யாரும் குடிக்கவில்லை. உன்னை அவள் நெஞ்சில் வைத்தார்கள். "எவ்வளவு சின்னதா இருக்கு, கடுகு மாதிரி" என்றாள். உனக்கு அந்தப் பேரை வைத்தது நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள்தான். அதன்பிறகு ரத்தம் நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் உன்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "வந்ததும் ஆத்தாளை அனுப்பிட்டா" என்று ஒருத்தி சொன்னாள். உன் அப்பா உன்னைக் கையில் வாங்கவில்லை. பிறகு வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நீ அந்தப் பேச்சைக் கேட்டு வளரக்கூடாது என்று நானும் அத்தையும் உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தோம். இங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உனக்குப் பேச்சுப் புரிய ஆரம்பித்ததும் கதையை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். எங்கேயாவது ஒரு சொல் இடறினால் நீ பிடித்துவிடுவாய் என்று ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பாட்டுக்கூட மனப்பாடம் ஆகாதவன், அந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் பண்ணினேன். அது மாறாமல் இருந்தது அதனால்தான், கண்ணே.

நீ அவளைக் கொல்லவில்லை. ரத்தம் இல்லாததுதான் கொன்றது. அந்த ரத்தம் பாட்டிலில் கிடைக்கிறது. அத்தையோடு போ.

இதை எழுதி முடித்ததும் அத்தையிடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். எப்போதும் ஓரத்தில் ஏதாவது திருத்தி எழுதுகிறவள். இதில் அவள் திருத்த ஒன்றும் இருக்காது.

காய்ச்சல் என்று ஒன்று வரவே இல்லை, கடுகு. நீ வாசல்வரை தவழ்ந்தபோது கைதட்டியது நானும் அத்தையும்தான். உன் அம்மா அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள் என்பதை நான்தான் சேர்த்தேன்.

மாமா